சைதூன் பார்த்த பள்ளிக்கூடங்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் திண்டுக்கல் நாகல் நகரில் சைதூன் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். உள்ளே கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று கேட்டுப் போக வந்த தாய்மார்கள் அவர்கள்.

“அக்கா, பெரிய மவனப் பள்ளிவாசல் பள்ளிக்கூடத்துல போடவா, கிணத்துப் பள்ளிக்கூடத்துல போடவா?”

“கணக்கு வருமா அவனுக்கு?”

“எங்கக்கா வருது? கை விரல எண்ணச் சொன்னாலே ஒன்னு குறையுது.”

“அப்பக் கிணத்துப் பள்ளிக்கூடந்தான். ஞானதாஸ் வாத்தியார்கிட்ட விடு. விரல முழுசா எண்ண வச்சுருவாரு.”

கேட்டவள் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். மறுநாள் பையன் கிணற்றுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பான். ஊரில் தலைமை ஆசிரியர்கள் இருந்தார்கள், முனிசிபல் மெம்பர்கள் இருந்தார்கள். ஆனாலும் அந்தத் தெருவுக்குச் சைதூன் சொன்னால் சொன்னதுதான்.

இத்தனைக்கும் அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மார்க்கெட் பக்கம் இடியாப்பம் விற்ற தகப்பனுக்குப் பிறந்து, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ஜமால் முகமதுக்கு வாழ்க்கைப்பட்டு, அடுப்பும் வீடுமாக இருந்தவள். வெளியே கிளம்பினால் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரோரமாக நடப்பாள். அப்படிப்பட்ட ஒருத்தி ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களை எடை போடக் கற்றுக்கொண்டது, பெற்ற மகளைப் பிரிய வேண்டி வந்துவிடுமோ என்று அவள் நெஞ்சு பதறிய ஒரு வாரத்தில்தான்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். மகள் நர்கீஸ், பள்ளிவாசல் பக்கத்திலிருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். முஸ்லிம் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளிக்கூடம் அது. வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. தோல் ஷாப்பிலும் அதே கணக்குதான். அதனால் அந்தத் தெருவில் வாரம் என்பதே வெள்ளியில் முடிந்து சனியில் தொடங்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு மேல் வகுப்பு இல்லை. தெருவில் பெண்பிள்ளைகள் அதோடு நின்றுகொள்வது வழக்கம். நின்ற பிள்ளைகள் சமையலுக்கும் தையலுக்கும் பழகி, சில வருஷங்களில் புகுந்த வீடு போய்ச் சேரும்.

நர்கீஸுக்கு அந்த ஏற்பாடும் தயாராக இருந்தது. வத்தலக்குண்டில் ஜமால் முகமதின் அக்கா காதர் பீவி ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். ‘எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல. நர்கீஸ இங்க விட்டுரு. தையல் மிஷின் இருக்கு, கத்துத் தாரேன். நாளைக்கு எம் மகன் பாரூக்குக்கே கட்டி வச்சுக்கிறேன்’ என்பது செய்தி. காதர் பீவி கெட்டவர் இல்லை. பாசமானவர், கை நிறையக் கொடுக்கிறவர். அதுதான் சைதூனுக்குக் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது மகளை வைத்துக்கொள்ளலாம்.

நர்கீஸ் மறுத்துப் பேசவில்லை.

“மாமி வீட்ல மாமரம் இருக்குல்லம்மா. நல்லதுதான்” என்றாள்.

ஆனால் அன்று மத்தியானம், வெயிலில் காயப்போட்ட வற்றலுக்குக் காவல் உட்கார்ந்திருந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? காக்கா விரட்டும் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வற்றலுக்குப் பாடம் நடத்தினாள். “ஏய் சுண்டைக்காய், எழுந்து நில்லு. ஆறாம் வகுப்புக்கு வந்தாச்சு, இன்னும் வாய்ப்பாடு தெரியலையா? மிளகா, நீ சொல்லு.” மிளகாய் பதில் சொல்லவில்லை. “சரி, நாளைக்குப் படிச்சுட்டு வா” என்று சொல்லிவிட்டு நர்கீஸ் அப்படியே குச்சியைக் கீழே வைத்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும்.

கதவு மறைவில் நின்று தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் சைதூன் பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, புள்ளைய ஆறாம் வகுப்புக்கு அனுப்பலாம்ல?”

“எங்க அனுப்ப?”

“கிட்டத்துல கிணத்துப் பள்ளிக்கூடம் இருக்காம். அந்தப் பக்கம் பொம்பளப் புள்ளைங்களுக்குன்னே பெரியதெருவுல ஒன்னு இருக்காம். ரெண்டும் முனிசிபல்தானாம்.”

“இருக்காமா? நீ பாத்தியா?”

“நான் எங்கிட்டுப் போயிப் பாக்க?”

ஜமால் முகமது சிரித்தார். அவர் வேலை தோல் தரம் பிரிப்பது. பதப்படுத்தி வந்த தோலை எடுத்தால் முடியிருந்த மேல்பக்கத்தை அவர் பார்க்கவே மாட்டார். புரட்டிப் போட்டு, சதை ஒட்டியிருந்த பக்கத்தைத் தடவுவார். கத்தி பட்ட வெட்டும் புழு அரித்த பொத்தலும் அங்கேதான் தெரியும் என்பார். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் அளவு.

“பாக்காத சரக்குக்கு நான் எப்படித் தரம் சொல்லுவேன்? நீ போயிப் பாரு. பாத்துட்டு வந்து என் மனசு ஒப்புற மாதிரி சொல்லு. புதன்கிழமை காலைல புள்ளையக் கூட்டிட்டு வாரேன்னு அக்காவுக்குச் சொல்லி விட்டுட்டேன். அதுக்குள்ள சொல்லிரு.”

கோபமாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். ஆனால் ஜமால் முகமது ஒரு நாள் குறித்துவிட்டால் அது மாறாது என்பது சைதூனுக்குத் தெரியும்.

அவள் முதலில் தேர்ந்தெடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

தாலுகா கச்சேரியும் ஆபீசும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று அவள் கேள்விப்படாதவள் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் வெள்ளிதான் லீவு. அவள் படித்த காலத்திலும் அப்படி, மகள் படித்த காலத்திலும் அப்படி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? தோல் ஷாப்புக்குச் சரக்கு ஏற்றிய நேரம் போக மிச்ச நேரத்தில் ஜட்கா ஓட்டும் முனீர் பாயைக் கூப்பிட்டாள். அவரும் அதே தெருக்காரர், அதே வெள்ளிக்கிழமைக்காரர். வண்டி மார்க்கெட்டைத் தாண்டி, மலைக்கோட்டை பக்கமாகத் திரும்பி, பெரியதெருப் பள்ளிக்கூடத்தின் முன் நின்றது.

உயரமான சுவர். இரும்புக் கேட். அதில் ஊர்ப் பெயரைச் சொல்லும் ஒரு பெரிய பூட்டு. உள்ளே ஈ காக்கை இல்லை. மைதானத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

முனீர் பாய் வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“என்னம்மா, பள்ளிக்கூடத்த இழுத்து மூடிட்டாங்க போலருக்கே!”

“ஏன் பாய்?”

“யாருக்குத் தெரியும்? டீச்சரம்மாமாரு கெடைக்கலையோ என்னவோ. பொம்பளப் புள்ளைங்க வந்தாத்தானே நடத்துவாக? வாம்மா, வெயில் ஏறுது. குதிர நிக்காது.”

சைதூன் துப்பட்டியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அன்று மாலை கணவரிடம், “பெரியதெருப் பள்ளிக்கூடத்த மூடிட்டாங்களாம்” என்றாள். பகலெல்லாம் தோல் புரட்டிக் களைத்திருந்தவர், “அப்பிடியா” என்று மட்டும் சொன்னார். அவருக்கும் அன்று வேலைநாள்தானே. அவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை கிணற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். துணைக்குப் பெருமாயி வந்தாள். சிறுமலை வாழைப்பழத்தைக் கூடையில் சுமந்து வீடு வீடாக விற்கிறவள் பெருமாயி. பக்கத்துத் தெருக்காரி. அவள் மகள் பேச்சியம்மா அங்கேதான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடம் சைதூனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. ஓட்டுக் கட்டடம், நடுவில் ஒரு பெரிய கிணறு. அதனால்தான் அந்தப் பெயர். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து கூரை பிய்யும்படி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்கு வாத்தியார் ஞானதாஸ் சாக்பீஸ் கையோடு வெளியே வந்து, “வாங்கம்மா, உக்காருங்க. பிள்ளைய அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்” என்றார். குரலில் அதட்டல் இல்லை. ஒரு பையன் தப்பாகச் சொன்னதற்கு அவர் அடிக்கவில்லை. “நீ சொன்னது சரின்னா நம்ம கிணத்துல சுறாமீன் பிடிக்கலாம்” என்றார். வகுப்பே சிரித்தது. அடி வாங்க வேண்டிய பையனும் சிரித்தான்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆண்பிள்ளைகள் படிக்கிற இடம் என்று கணவர் முகம் சுளிப்பார். பேசிப் பார்க்கலாம். வாத்தியார் தங்கமானவர் என்று சொல்லலாம். சைதூன் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே பெருமாயி வீட்டுக்கு வந்தாள். எதற்கும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று பேச்சியம்மா வரும்வரை காத்திருந்தாள்.

மாலையில் பேச்சியம்மா வந்தாள். வந்தவள் பையை வாசலிலேயே போட்டாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே பானைக்குப் போய், சொம்பை முக்கி, அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். மறுபடி முக்கினாள். மறுபடி குடித்தாள். கழுத்தில் தண்ணீர் வழிந்து பாவாடை நனைந்தது. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

“ஏண்டியம்மா, உங்க பள்ளிக்கூடத்து நடுவுல அம்புட்டுப் பெரிய கிணறு கெடக்கு. அங்க தண்ணி குடிக்கிறதில்லையா?” என்று சிரித்தபடி கேட்டாள் சைதூன்.

பேச்சியம்மா தாயைப் பார்த்தாள். பிறகு சைதூன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“குடிச்சா ஒதுங்கணும்ல. எங்கிட்டு ஒதுங்க? சுத்தி வெறும் பொட்டல். பயலுக நிப்பாய்ங்க.”

“அப்பக் காலைல இருந்து?”

“காலைல காப்பித் தண்ணி குடிக்கிறதோட சரி. பொம்பளப் புள்ளைங்க யாருமே குடிக்க மாட்டோம்.”

பெருமாயி கையிலிருந்த கூடையை அப்படியே வைத்தாள். “ஏத்தா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடி!”

“நீ கேக்கவே இல்லையே.”

சைதூன் பிள்ளையையே பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் பேச்சியம்மா இல்லை. எட்டு வயசுச் சைதூன் நின்றாள்.

அவள் ஏன் மூன்றாம் வகுப்போடு நின்றாள் என்று கேட்டால் வீட்டில், ‘அவளுக்குப் படிப்பு ஏறலை’ என்று சொல்வார்கள். பெற்றவர்கள் அதைத்தான் நம்பினார்கள். உண்மை வேறு. ஒரு நாள் காலையிலிருந்து அடக்கி அடக்கி, முடியாமல், பலகைக்கு முன்னால் கணக்குப் போட நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் காய்ச்சல் என்றாள். அதற்கு மறுநாளும் காய்ச்சல் என்றாள். பிறகு போகவே இல்லை. அந்தச் சிரிப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தாயிடம் சொல்லவில்லை, கட்டின கணவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அது அவள் நெஞ்சுக்குள் ஈரம் காயாமலே கிடந்தது.

எத்தனை பெண்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்லியிருக்கும்! அதில் எத்தனை பேருக்குத் தாகம் அடக்கத் தெரியவில்லையோ, யார் கண்டது?

“என்னக்கா, முகம் இப்பிடி வெளுத்துப்போச்சு?” என்று பெருமாயி பதறினாள்.

“ஒன்னுமில்ல. எம் மக இங்க வேணாம் பெருமாயி.”

“அப்பப் பெரியதெருவுல போடு. சுத்திச் சுவரு, கக்கூஸு எல்லாம் இருக்குங்கிறாங்க. தூரம்னுதான் நான் போடல.”

“அதத்தான் மூடிட்டாங்களே.”

“எப்ப?”

“நேத்துப் போனேன். பூட்டிக் கெடக்கு.”

பெருமாயி ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“நேத்து ஞாயித்துக்கெழமக்கா! ஊரு பூராம் லீவு. உங்க வெள்ளிக்கெழமைய ஊருக்கே வச்சுட்டியா?”

சைதூனுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. போய்விட்டது என்று நினைத்த கதவு திறந்தே இருந்திருக்கிறது. அதைத் தன் வாயாலேயே கணவரிடம் மூடியல்லவா வந்திருக்கிறாள்! மிச்சமிருந்தது செவ்வாய் ஒரு நாள்தான். வீட்டுக்குப் போனபோது நர்கீஸ் தன் பாவாடைகளை மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே.

மறுநாள் காலை முனீர் பாய் வண்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டார். “தொறந்துட்டாங்களாம்மா?”

“ஞாயித்துக்கிழமை லீவாம் பாய்.”

“ஞாயித்துக்கிழமையா? அது என்ன கூத்து!” என்று அவர் குதிரையிடம் சொன்னார்.

அன்று கேட் திறந்திருந்தது. தலைமை ஆசிரியை ஆரோக்கியமேரி கண்ணாடி போட்ட, கொஞ்சம் கண்டிப்பான அம்மாள். மேஜைக்கு முன்னால் நின்ற சைதூனை உட்காரச் சொன்னார்.

“சொல்லுங்கம்மா. பாஸ் எத்தனை பேருன்னு கேக்கணுமா?”

“இல்ல டீச்சர். பின்பக்கம் பாக்கணும்.”

“பின்பக்கமா?”

“புள்ளைங்க ஒதுங்குற எடம்.” சொல்லும்போதே சைதூனுக்கு வெட்கத்தில் குரல் இறங்கிவிட்டது.

ஆரோக்கியமேரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “வாங்க. ஆனா இன்னிக்குப் பாத்து ஆயா வரல. பாத்துட்டு என்னைத் திட்டாதீங்க.”

பெரிய அழகில்லை. ஒரு கதவு கீல் விட்டுச் சாய்ந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வாளி ஓட்டை. ஆனால் நாலு பக்கமும் சுவர். உள்ளே தாழ்ப்பாள். சைதூன் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். வெளியே நின்ற டீச்சருக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரம் மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பெண்பிள்ளைகள் ஓடி வந்தார்கள். சுவரோரத் தொட்டிக் குழாயில் கையைக் குவித்துக் குடித்தார்கள். ஒருத்தி குடித்து முடிப்பதற்குள் இன்னொருத்தி இடித்தாள். “போதும்டி, தொட்டியையே குடிக்கப் போறியா?” என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி வாயிலிருந்த தண்ணீரை அவள் மேலேயே கொப்பளித்துவிட்டு ஓடினாள். பயமில்லாமல், கணக்குப் பார்க்காமல், வயிறு நிறையக் குடித்தார்கள்.

சைதூன் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளைப் பார்த்து ஒருத்தி அழுவாளா? அவள் அழுதாள்.

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. “இடம் இருக்கும்மா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஆனா ஒன்னு. இங்க வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. உங்க பக்கத்துப் பிள்ளைங்க முன்னால சேர்ந்தாங்க. வெள்ளிக்கு வெள்ளி நின்னு, பாடம் விட்டுப்போயி, கடைசில மொத்தமா நின்னுட்டாங்க. வீட்ல கேட்டுக்கிட்டு வாங்க” என்றார்.

வீட்டில் பெட்டி கட்டி முடித்து வாசலுக்கு வந்திருந்தது. ஜமால் முகமது வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி உட்கார்ந்தார். சைதூன் எதிரே உட்கார்ந்தாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைத் தப்பைச் சொன்னாள். அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். பிறகு கிணற்றுப் பள்ளிக்கூடம், பேச்சியம்மாவின் சொம்பு, பெரியதெருத் தாழ்ப்பாள், டீச்சர் சொன்ன வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள்.

“தூரம் சாஸ்தி” என்றார் அவர்.

“நான் நடந்து கூட்டிட்டுப் போறேன்.”

“தாழ்ப்பாளுக்காகவா அம்புட்டுத் தூரம் நடப்பே? வாத்தியாரு அங்க நல்லவருங்கிற, படிப்பு நல்லாருக்குங்கிற.”

“நீங்க தோலப் பொரட்டிப் போட்டுத்தானே பாப்பீங்க? மேல எம்புட்டுப் பளபளப்பா இருந்தாலும் அடில பொத்தல் இருந்தா எடுப்பீங்களா? நானும் பள்ளிக்கூடத்தப் பொரட்டிப் போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான், கல்யாணமாகி அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, பலகைக்கு முன்னால் நின்ற எட்டு வயசுப் பிள்ளையைப் பற்றி அவள் கணவரிடம் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்தபோது அடுப்படிக் கதவோரம் ஒரு விசும்பல் கேட்டது. நர்கீஸ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜமால் முகமதின் தோல் பார்க்கிற கை முழங்காலை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

“உனக்குப் படிப்பு ஏறலைன்னுல்ல உங்க அத்தா சொன்னாரு” என்றார் கடைசியாக.

“அவருக்குத் தெரியாது.”

“வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்லுவே? ஜும்மா அன்னைக்குப் பொம்பளப் புள்ளைய ஊரத் தாண்டி அனுப்புறான்னு நாலு பேரு பேசுவாங்க. உன்னைத்தான் பேசுவாங்க.”

“அன்னைக்கு உங்களுக்கு லீவுதானே. நீங்க கூட்டிட்டுப் போங்க. தகப்பன் கூடப் போற புள்ளைய யாரு பேசுவா?”

அவருக்குச் சிரிப்பு வந்ததோ, அழுகை வந்ததோ. எழுந்து போய் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். “ஒரு நாளு போயிட்டு வரட்டும். வந்தப்புறம் பாப்போம்” என்று பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

புதன்கிழமை காலை வத்தலக்குண்டு பஸ் அவர்கள் இல்லாமல் போனது. அன்று தோல் ஷாப்புக்கு அரைநாள் சொல்லிவிட்டு ஜமால் முகமது மாலையில் வீட்டிலேயே இருந்தார். சைதூன் பெரியதெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை அழைத்து வந்தாள். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளை. வாசலில் கால் வைத்ததும் தாயும் தகப்பனும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். மூலையில் பானை இருந்தது. மேலே சொம்பு கவிழ்த்திருந்தது.

நர்கீஸ் பானையைத் தாண்டிப் போனாள்.

“அத்தா, எங்க டீச்சருக்கு உருது கூடத் தெரியுமாம்! அம்மா, பசிக்குது. என்ன வெஞ்சனம்?” என்றாள். பிறகு தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். பானைப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜமால் முகமது எழுந்து, தானே போய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடித்தார். முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்றார்.

அன்று தொடங்கியது அந்த வெள்ளிக்கிழமை நடை. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக ஜமால் முகமது முன்னால் போவார், நர்கீஸ் பின்னால் போவாள். கொண்டுபோய் விட்டுவிட்டு ஜும்மாவுக்குத் திரும்பிவிடுவார். பேசியவர்கள் இருந்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதர் பீவி ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். ஆனால் மாம்பழம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஜூனில் முனீர் பாயின் பேத்தி கூட வந்தாள். அதற்கடுத்த வருஷம் ஒரு சிறு கூட்டமே சேர்ந்தது. மற்ற நாட்களில் சைதூன்தான் எல்லோரையும் வீடு வீடாக அழைத்துக்கொண்டு போவாள். மாலை வியாபாரத்துக்கு மகள் வேண்டியிருந்ததால் பெருமாயி அவளைக் கிணற்றுப் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருந்தாள். சைதூன் பெருமாயியையும் கூட்டிக்கொண்டு முனிசிபல் மெம்பர் வீட்டுக்கு நடந்தாள். மெம்பர் முதலில் பேச்சை மாற்றினார். “செத்த நேரம் இருக்கேன்யா. நீங்க தண்ணி குடிக்காம சாயங்காலம் வரைக்கும் இருங்க, நானும் கூட உக்காந்து பாக்குறேன்” என்று பெருமாயி கூடையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றுப் பள்ளிக்கூடத்துக்கு முதலில் கீற்றுத் தட்டி வந்தது. பிறகு, வெகு காலம் கழித்து, சுவர் வந்தது. அதற்குள் பேச்சியம்மா எட்டாம் வகுப்பு முடித்து, தாயின் கூடையைச் சுமக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் சைதூனுக்கு அவள் நினைவு வரும்.

நர்கீஸ் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். காந்திகிராமத்தில் ஆசிரியைப் பயிற்சி முடித்தாள். பாரூக் அதுவரை காத்திருந்து அவளைக் கட்டிக்கொண்டான். காதர் பீவியின் மிச்சக் கோபமும் அந்தக் கல்யாணப் பந்தலில் கரைந்தது. பாரூக் திண்டுக்கல்லிலேயே கடை வைத்தான். அறுபத்தாறாம் வருஷம் நர்கீஸுக்கு வேலை கிடைத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே கிணற்றுப் பள்ளிக்கூடத்தில்.

அந்த ஜூனிலும் வாசலில் செருப்புகள் சேர்ந்தன. புதிதாகக் குடிவந்த ஒரு பெண், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கேட்டாள்.

“அக்கா, உங்க மக டீச்சரா இருக்கிற பள்ளிக்கூடத்துலயே போட்டுரவா? அது நல்ல பள்ளிக்கூடந்தானே?”

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த ஜமால் முகமது, என்ன சொல்லப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டார். பெற்ற மகளின் பள்ளிக்கூடம். ஆமாம் என்று சொல்லிவிட எத்தனை நேரமாகும்?

சைதூன் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் குழந்தை அன்றுதான் அங்கே முதல் நாள் போயிருந்தது. அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பானை தெரிந்தது.

“செத்த இரு தாயி” என்றாள் சைதூன். “புள்ளைங்க வீட்டுக்கு வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்.”